நாலாக மடித்த துண்டு

நோட்டில் இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் நினைத்தது. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது ஜெபக்கனி மேடம் முதல் வகுப்பில் சொன்ன விதி. கோர்ட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவது இடப்பக்கத்தை மட்டும்தான். வலப்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது அந்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கங்களையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கே பிசகினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த தடவை பிசகக் கூடாது.

என் பெயர் கோமு. பகலில் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சகம் ஒன்றில் வேலை. தாள்களை எண்ணிக் கட்ட வேண்டும், கோணலாக வெட்டியதைக் கழிக்க வேண்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை பாலிடெக்னிக்கில் மணச்சாட்சி வகுப்பு, வாசனை பிடிக்கிற பூச்சியை வளர்த்துச் சாட்சி சொல்ல வைக்கிற படிப்பு. ஆறு மாதச் சான்றிதழ். மொத்தம் பதினான்கு பேர்.

முதல் நாள் மேடம் ஆளுக்கு ஓர் எருக்கிலையைக் கொடுத்தார். இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை வெள்ளையாகப் பத்து முட்டைகள். வெந்தய வரியன். நம் ஊரில் எருக்கஞ்செடி இருக்கும் இடத்திலெல்லாம் பறக்குமே, வெந்தயமும் மஞ்சளும் கலந்த நிறத்தில், ஓரத்தில் கறுப்பு வைத்து, அந்த வண்ணத்துப்பூச்சிதான்.

"புழு கூட்டுக்குள்ள போனதும் கஞ்சியா கரைஞ்சு போயிரும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பிய," என்றார் மேடம். "முக்கால்வாசி நெசம். கால்வாசி கரையாது. மூளையில ஒரு மிச்சம் கிடக்கும். புழுவா இருந்தப்போ எந்த வாசனையோட சாப்பாடு கெடைச்சுதோ, அது அந்த மிச்சத்துல இருக்கும். நாம கடைசித் தோல் உரிச்ச அன்னைக்கு ஒரு சொட்டு மருந்து விடுதோம். மிச்சம் அழியாம கெட்டிப்படும். றெக்கை வந்ததும் அந்த வாசனையைத் தேடிப் போயி உக்காரும். அம்புட்டுதான் சங்கதி."

பின்வரிசையிலிருந்து ரிஸ்வானா அக்கா கை தூக்கினார். "மேடம், எங்க வீட்டுக்காரரு பீடிக்கட்டை எங்க ஒளிச்சு வைக்காவன்னு கண்டுபிடிக்குமா?"

"கண்டுபிடிக்கும். ஆனா பீடி வாடையில புழு வளராது."

"அவரு அதுலதான மேடம் வளந்தாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார். மோப்ப நாய் தன்னைப் பிடித்து நடத்துகிறவரின் கண்ணைப் பார்க்கும், அவர் யாரை நினைக்கிறார் என்று அதற்குத் தெரிந்துவிடும், பூச்சி யார் கண்ணையும் பார்க்காது, அதனால்தான் கோர்ட்டு போன வருஷத்திலிருந்து இதைத் துணைச்சாட்சியாக ஏற்றுக்கொள்கிறது என்றார். அதுவரை பதினோரு வழக்குகளில் அவரிடம் படித்தவர்கள் வளர்த்த பூச்சிகள் சாட்சி சொல்லியிருந்தன. பதினொன்றிலும் தண்டனை.

நான் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு துண்டு.

என் அக்கா வடிவு மில்லுக்குப் போகிறவள். அக்டோபரில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து இருபதுக்கு, ரயில்வே கேட்டை ஒட்டிய வளைவில் மில் பஸ்ஸுக்கு நடந்து போனவளை ஏதோ ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பால்காரர் பார்த்தது ஆறு மணிக்கு. அப்போதும் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவளுடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு செருப்பு, சாப்பாட்டு டப்பா, ஒரு ஈரிழைத் துண்டு. துண்டு எங்களுடையதில்லை. பால்காரரிடம் கேட்டேன்.

"தலைக்கு அடியில இருந்துச்சு தாயி. நல்லா நாலா மடிச்சு வச்சிருந்துச்சு."

நாலாக மடித்து. இடித்தவன் கீழே இறங்கியிருக்கிறான். பக்கத்தில் வந்து பார்த்திருக்கிறான். தோளிலிருந்து துண்டை எடுத்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நாலாக மடித்து, அவள் தலையைத் தூக்கி அடியில் வைத்திருக்கிறான். இவ்வளவுக்கும் அவனுக்கு நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வண்டியில் ஏறிப் போயிருக்கிறான். நாற்பது நிமிஷம்.

பார்க்காமல் ஓடியிருந்தால்கூட அவனை நான் இந்த அளவுக்கு வெறுத்திருக்கமாட்டேன். அந்த மடிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போலீஸில், கேமரா இல்லை, சாட்சி இல்லை என்று கோப்பை மூடினார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, தங்கக்கண் அண்ணாச்சியின் தண்ணி லாரி ஷெட். அவர் தினமும் விடியற்காலையில் அந்த வளைவு வழியாகத்தான் முதல் லோடு கொண்டுவருவார். அக்கா இறந்த வாரத்தில் அவருடைய லாரியின் முன் பம்பருக்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. அதைச் சொன்னபோது ஏட்டையா சிரித்தார். "ஆயுத பூசை வருதும்மா. கோவில்பட்டியில இந்த வாரம் பெயிண்ட் அடிக்காத வண்டி எது?"

அதனால் நானே வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

பத்தில் ஏழுக்குப் பயிற்சி. மூன்று சும்மா வளர வேண்டும், சொட்டு மருந்து உண்டு, வாசனை மட்டும் காட்டக் கூடாது. இதுவும் மேடத்தின் விதி. ஏழும் ஒரு பெட்டியில் ஜன்னல் ஓரத்தில். மூன்றும் வேறொரு பெட்டியில் அடுப்படி அலமாரியில்.

இடப்பக்கத்திலிருந்து சில வரிகளை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

நாள் 4: பத்தும் பொரிந்தன. முதலில் தின்றது சொந்த முட்டை ஓட்டை.

நாள் 7: இலை பறித்த இடம், தங்கக்கண் லாரி ஷெட்டின் பின்பக்கம். இலையைக் கழுவினேன். பிளீச்சிங் வாடை முழுதாகப் போகவில்லை.

நாள் 9: புழு இலையைத் தின்பதற்கு முன் நடு நரம்பைக் கடித்துப் பாலை வடிய விடுகிறது. வடிந்து முடியும்வரை காத்திருக்கிறது. பிறகு தின்கிறது.

நாள் 7-இல் எழுதிய அந்தக் கடைசி வரியை நான் ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி படித்தேன்.

ஊரில் எருக்கு எங்கே இல்லை? சுடுகாட்டுப் பாதையில் இருக்கிறது, தண்டவாளம் நெடுக இருக்கிறது. ஆனால் எல்லாம் வெயிலில் வதங்கிய செடிகள். ஷெட்டுக்குப் பின்னால் மட்டும் லாரி ஒழுகிய தண்ணீரில் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. இது ஒரு காரணம். அங்கே போனால் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை இடப்பக்கத்திலும் இரண்டாவதை வலப்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவரே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு நின்றார்.

"என்ன தாயி, பிள்ளையாருக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"பிள்ளையாருக்குப் பூவுல்லா கட்டிப் போடுவாவ. நீ இலையைப் பறிக்க?"

"எங்க வீட்டுப் பிள்ளையாரு இலைதான் கேக்காரு."

சிரித்தார். "சரி சரி. பாலு கண்ணுல பட்டுராம பாத்துக்கோ. கண்ணு போயிரும்." என்று சொல்லிவிட்டு, எனக்கு எட்டாத கிளையைத் தானே வளைத்துப் பிடித்துக்கொண்டார். நான் பறித்தேன். அவர் தோளில் புதுத் துண்டு. மடிப்புக் கலையாத துண்டு. அதைப் பார்த்ததும் காம்பை இறுக்கி ஒடித்தேன், பால் விரலெல்லாம் வடிந்தது.

வீட்டுக்கு வந்து, மேடம் கொடுத்த கண்ணாடி ஜாடியைத் திறந்து அந்தப் பழைய துண்டைப் புழுப்பெட்டிக்கு அருகில் வைத்தேன். தினமும் மூன்று வேளை, புது இலை போடும்போது, பத்து நிமிஷம். புழுக்கள் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகத் தடித்துக்கொண்டே வந்தன. அவை இலையைத் தின்னும் சத்தம் கேட்கும் என்று சொன்னால் அம்மா நம்பவில்லை. காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டுவிட்டு, "அய்ய, மழை தூறுற மாதிரில்லா இருக்கு" என்றாள். அக்கா போன பிறகு அம்மா முகத்தில் நான் பார்த்த முதல் ஆச்சரியம் அது. புழுக்கள் எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. வகுப்புக்கு என்று மட்டும் சொன்னேன்.

பதினாறாம் நாள் தலைகீழாகக் கொக்கி போலத் தொங்கின. மறுநாள் பச்சைக் கூடுகள், ஒவ்வொன்றிலும் பொன் பொட்டு வைத்தது போலப் புள்ளிகள். இருபத்தைந்தாம் நாள் ஜன்னலோரத்து ஏழும் வெளியே வந்துவிட்டன. நிழலில் இருந்த மூன்றும் பிந்தின.

மேடம் போலீஸில் பேசி ஏற்பாடு செய்தார். பாலிடெக்னிக் மைதானத்தில் பெரிய கொசுவலைக் கூடாரம். உள்ளே ஆறு நாற்காலி. அந்த வளைவு வழியாக விடியற்காலையில் வண்டி ஓட்டுகிற ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. நாலாவது நாற்காலியில் தங்கக்கண் அண்ணாச்சி. வெளியே எங்கள் வகுப்பு, எங்கள் தெரு, பாதி ஊர். நான் அக்காவின் மஞ்சள் தாவணியைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு உள்ளே போனேன்.

திறந்தேன். கொஞ்ச நேரம் வலையின் உச்சியில் முட்டிக்கொண்டிருந்தன. பிறகு ஒன்று இறங்கி அவருடைய முழங்காலில் உட்கார்ந்தது. அடுத்தது தோளில். மூன்றாவது நெற்றியில். வெளியே சத்தம் அடங்கிவிட்டது. ஆறு பூச்சிகள் அவர் மேல் உட்கார்ந்து றெக்கையை விரித்து விரித்து மூடின. அவர் அசையவில்லை. உதறினால் அவற்றுக்கு அடிபட்டுவிடும் என்பது போல விறைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நான் இடிக்கலம்மா" என்றார்.

ஏழாவது பூச்சி என் தாவணியில் உட்கார்ந்திருந்தது. மேடம் அதைத் தட்டிவிட்டார். "ஒண்ணு எப்பவும் பிசகும். ஏழுக்கு ஆறு போதும்."

அன்று மாலையே அவரை உள்ளே வைத்தார்கள். மறுநாள் லாரிக் கண்ணாடிகளை யாரோ உடைத்தார்கள். எங்கள் தெருவில் அவர் ஊற்றிய தண்ணீரைப் பெண்கள் சாக்கடையில் கொட்டினார்கள். ஷெட்டின் கதவு முழுக்கக் காகித வண்ணத்துப்பூச்சிகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எங்கள் அச்சகத்தில் நான் கழித்துப்போட்ட லேபிள் தாள்கள். ரிஸ்வானா அக்கா ஒரு பை கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தார். "நீ பெத்த பிள்ளைங்கட்டி அதுக!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

சந்தோஷமாக இருந்தது. வலப்பக்கத்தில் அந்த இரண்டு வார்த்தைகள்தான் இருக்கின்றன. அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

முப்பதாம் நாள் அடுப்படி அலமாரியில் அந்த மூன்றும் வெளியே வந்தன.

அவற்றையும் சோதித்து எழுதினால்தான் நோட்டு முழுமை. ஆள் ஜெயிலில் இருந்ததால், அவர் புழங்கிய பொருள் எதையாவது வைத்துச் செய்யலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். கண்ணாடி இல்லாத லாரி நின்றது. மூன்றும் எங்கெங்கோ பறந்துபோகும், 'போய்விட்டன' என்று எழுதிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இருபதடி தள்ளி நின்று பெட்டியைத் திறந்தேன்.

மூன்றும் நேராக உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தன.

அவை அந்தத் துண்டை முகர்ந்ததே இல்லை.

முதலில் ஜாடியின் மூடியை நினைத்தேன். சரியாக மூடாமல் விட்டேனா? இல்லை, அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கதவு இருக்கிறது. பிறகு எருக்கஞ்செடியைப் பார்த்தேன். அடியில் கருப்பு ஆயில், பிளீச்சிங் பவுடர், தொட்டி கழுவிய தண்ணீர். பத்துப் புழுக்களும் கூடு கட்டும்வரை தின்றது இந்த ஷெட்டை. அவை தேடிப் போனதும் இந்த ஷெட்டைத்தான். அவர் தினமும் இந்த வாடையோடுதான் வீட்டுக்குப் போகிறார், வருகிறார், நாற்காலியில் உட்காருகிறார்.

"இன்னும் என்னட்டி வேணும் ஒனக்கு?"

பின்னால் அவருடைய மனைவி சொர்ணம் மதினி நின்றார். கையில் வாளி. கதவில் ஒட்டியிருந்த காகிதங்களைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார், நகத்திலெல்லாம் பசை.

"ஒண்ணுமில்ல மதினி. நோட்டுக்கு."

"நோட்டு!" வாளியைத் தரையில் வைத்தார். "எழுதிக்கோ. அந்தத் துண்டு அவருதுதான். நானே சொல்லுதேன், எழுதிக்கோ. ஆனா அவரு இடிக்கல. அவரு போறப்பவே ஒங்கக்கா கீழ கெடந்தா. எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான். எறங்கிப் பாத்திருக்காரு. துண்டை மடிச்சுத் தலைக்கு வச்சிருக்காரு. வீட்டுக்கு வந்து காப்பியைக் குடிக்காம அப்படியே உக்காந்திருந்தாரு."

"தூக்கிட்டு வந்திருக்கலாம்லா?"

மதினி நகத்திலிருந்த பசையைச் சுரண்டினார்.

"லாரி கையில இருந்துச்சு. பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி."

"குளத்துத் தண்ணி," என்றார் மெல்ல. "அனுமதி இல்லாம எறைச்ச லோடு. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும், வண்டியப் புடிச்சிருவாங்கன்னு பயந்துட்டாரு. யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சிருக்காரு. அன்னையிலேருந்து சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அழுவாரு, கோமு. என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"எங்கக்கா நாப்பது நிமிசம் உசுரோட இருந்தா மதினி."

மதினி வாளியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். சுரண்டும் சத்தம் மறுபடி கேட்டது.

திங்கட்கிழமை மேடத்திடம் மதினி சொன்னதையும் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள், இடப்பக்கம்: சும்மா வளர்த்தவை மூன்று. மூன்றும் அவர் இருக்கையில் உட்கார்ந்தன. மேடம் அதைப் படித்துவிட்டுப் பின்னோக்கிப் புரட்டினார். ஏழாம் நாளில் விரல் நின்றது.

"இலை எங்க பறிச்சேன்னு எழுதியிருக்கியே," என்றார்.

"எழுதணும்னு நெனச்சேன் மேடம். தப்பா?"

"இதுக்கு முன்னாடி பதினோரு கேசு. யாரும் எழுதுனதில்ல. நான் கேட்டதும் இல்ல." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுல நாலு பேருக்கு வீட்டு வாசல்லயே எருக்கு நின்னுருக்கும். சோதனைக்கு அவங்க சாமானை எடுக்கப் போற பிள்ளைங்க, அங்கனயே இலையும் பறிச்சிட்டு வந்திருப்பாங்க. கைக்கு எட்டுறதைத்தான பறிப்பாங்க."

பிறகு மேடம் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"கூட்டுலயே மூணும் செத்துப் போச்சுன்னு எழுதிரு. எல்லாருக்கும் சாகும். யாரும் கேக்கமாட்டாங்க. துண்டு அவருதுதான்னு அந்தம்மாவே சொல்லிட்டாள்லா? அப்ப நம்ம பூச்சி சொன்னது சரிதான?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பேனாவை எடுத்தேன். ஆனால் ஒன்று தோன்றியது. இடித்ததற்காக அவர் உள்ளே போனால், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர் ஆகிவிடுவார். வெளியே வரும்போது நிமிர்ந்து வருவார். சோற்றில் கை வைத்து அழ வேண்டியிருக்காது. ஊர் ஒருநாள் உண்மை தெரிந்து அவருக்காக வருத்தப்படும். அந்த நிம்மதியை அவருக்குத் தர எனக்கு மனமில்லை. இடித்தவன் யாரோ, அவனை எனக்குத் தெரியாது. விட்டுவிட்டுப் போனவரைத் தெரியும். விட்டுவிட்டுப் போனதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை?

"இருக்கட்டும் மேடம். அப்படியே அனுப்புங்க," என்றேன்.

நேர்மை என்று நினைத்து மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் திருத்தவில்லை.

மூன்று வாரத்தில் வழக்கு விழுந்தது. மாலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பதினொன்றையும் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மேடம் ஊருக்குப் போய்விட்டார். சொட்டு மருந்துக் குப்பியில் பாதி என்னிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. துண்டையும் ஜாடியோடு திருப்பிக் கொடுத்தார்கள். தங்கக்கண் அண்ணாச்சி லாரிக்குப் புதுக் கண்ணாடி போட்டு ஓட்ட ஆரம்பித்தார். தெருப் பெண்கள் மறுபடி குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

நான் புது நோட்டு போட்டேன்.

என் திட்டம் எளிமையானது. இனி கோர்ட்டு இல்லை, சாட்சி இல்லை. மாதம் பத்துப் பூச்சி. அந்தத் துண்டின் வாசனை மட்டும். இலை ஊருக்கு வெளியே சுடுகாட்டுப் பாதையில் பறிக்க வேண்டும், ஐந்து தண்ணீர் கழுவ வேண்டும். றெக்கை வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அவை போய் அவர் மேல் உட்காரும். தண்ணீர் பிடிக்கும்போது, சாப்பிடும்போது, கோயிலில் நிற்கும்போது. அடிக்கமாட்டா, கடிக்கமாட்டா. சும்மா உட்கார்ந்து றெக்கையை விரித்து மூடும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவை செத்தால் அடுத்த பத்து. எனக்கு இருபத்து மூன்று வயதுதான் ஆகிறது. நாற்பது நிமிஷத்தை எத்தனை வருஷமாகவும் நீட்டலாம்.

முட்டைகளை நானே தேடி எடுத்தேன். மூன்றைச் சும்மா வளர்க்கவில்லை. பத்துக்கும் பயிற்சி. எதிலும் பிசகவில்லை. மூன்று வேளை, பத்துப் பத்து நிமிஷம். இருபத்தாறாம் நாள் பத்தும் வெளியே வந்து றெக்கை உலர்த்தின. மறுநாள் காலை பத்து மணி, நல்ல வெயில், காற்று ஷெட்டுப் பக்கமிருந்து வீசியது. ஜன்னலைத் திறந்து, பெட்டியையும் திறந்தேன்.

வெளியே போயின. முருங்கை மரத்தைச் சுற்றின. திரும்பின.

ஒவ்வொன்றாக அதே ஜன்னல் வழியாக உள்ளே வந்து, என்னைத் தாண்டி, கட்டிலின் சுவரோரப் பக்கம் போயின. அங்கே அக்காவின் தலையணை இருக்கிறது. அம்மா அதன் உறையை இன்னும் துவைக்கவில்லை. செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் படிந்து பழுப்பேறிப்போன உறை. அதன் மேல் ஒன்பது பூச்சிகள் உட்கார்ந்தன. பத்தாவது, நான் போட்டிருந்த மஞ்சள் தாவணியில்.

இரண்டு தடவை எண்ணினேன்.

துண்டு அவர் தோளில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. அக்காவின் தலைக்கு அடியில் நாற்பது நிமிஷம் இருந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? மைதானத்தில் ஏழாவது பூச்சி வந்து சொன்னது. பிசகு என்று தட்டிவிட்டோம். அன்று பிசகாத ஒன்று அதுதான்.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். குடத்தை இறக்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி கோமு," என்றாள். "வடிவு வந்திருக்கா."

அம்மா குடத்தை வைத்துவிட்டு, சத்தம் வராமல் போய், தலையணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பூச்சி அவள் விரலில் ஏறியது. அக்கா போன பிறகு முதல் தடவையாக அன்று மத்தியானம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள், தட்டைக் கட்டிலோரம் வைத்துக்கொண்டு. பன்னிரண்டு நாளில் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிப் பூச்சியை அம்மா தீப்பெட்டியில் வைத்து அலமாரியில் எடுத்து வைத்தாள்.

"இன்னும் வருமாட்டி?" என்று கேட்டாள்.

அன்று மாலை அம்மா கடைக்குப் போனபோது ஜாடியைத் திறந்து துண்டைத் தரையில் விரித்தேன். பழைய மடிப்புத் தடம் இன்னும் தெரிந்தது. அந்தத் தடத்திலேயே நாலாக மடித்துப் பார்த்தேன். ரத்தக் கறை மேல் மடிப்பில்தான். எண்ணெய்ப் பழுப்பும் அங்கேதான். உள் மடிப்பில், துண்டின் கரையை ஒட்டி, நாலு விரல் அகலத்துக்கு எதுவுமே படவில்லை. அங்கே இருப்பது அவர் கழுத்து வியர்வை மட்டும். அவர் அவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அச்சகத்தில் கோணல் தாள் வெட்டுகிற பெரிய கத்தரியைக் கொண்டுவந்திருந்தேன். கரையை மட்டும் நறுக்கி ஜாடியில் போட்டேன். மிச்சத் துண்டைச் சோப்புப் போட்டு, மூன்று தடவை அலசிக் காயப்போட்டேன். ஜாடிக்குள் இரண்டு வாசனை கலக்கக் கூடாது.

இன்று புது நோட்டில் மறுபடி முதல் நாள். இடப்பக்கம்: முட்டை பத்து. மணம், கரை மட்டும். இலை, சுடுகாட்டுப் பாதை. பறித்தது, அம்மா.

விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு அவளே போய்விட்டாள். வதங்காத இலையாகப் பொறுக்கிப் பறித்து வந்து, ஐந்து தண்ணீரில் கழுவி, முந்தானையால் ஒற்றி ஒற்றித் துடைத்துப் பெட்டியில் போட்டாள். விரலெல்லாம் எருக்கம்பால்.

"இதுவும் அவ தலைகாணிக்கு வருமாட்டி?"

"வரும்மா," என்றேன்.

வலப்பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.